பதினான்காவது கேள்விக்குப் பதில்

சின்ன காஞ்சிபுரத்தில் முரளீதரன் சாரிடம் யார் எதைக் கேட்டாலும் பதில் ஹேமாம்புஜம் மாமியிடமிருந்துதான் வரும். கல்யாணமான நாளாக, முப்பத்து நான்கு வருஷமாக, இதுதான் வழக்கம். "சார் சௌக்கியமா?" என்றால், "சௌக்கியத்துக்கு என்ன, ரெண்டு நாளா கொஞ்சம் வாயு, அவ்வளவுதான்" என்பாள் மாமி. சார் தலையை மட்டும் ஆட்டுவார். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தே இருந்த பேச்சையெல்லாம் செலவழித்துவிட்டார் என்று தெருவில் கேலி செய்வார்கள். அந்தக் கேலி மாமியின் காதுக்கும் வந்தது. அதற்கும் அவளே பதில் சொல்லி அனுப்பினாள்.

சார் ஓய்வு பெற்ற மறுவருஷம் விரல் மூட்டெல்லாம் வீங்கி, சட்டைப் பொத்தான் போட முடியாமல் போயிற்று. சென்னையில் ஒரு மூட்டுவலி கிளினிக்குக்குப் போனார்கள். டாக்டர் சாரைப் பார்த்து எங்கே வலிக்கிறது என்று கேட்டார். மாமி தன் கையை நீட்டி இடம் காட்டினாள். காலையில் விறைப்பு எவ்வளவு நேரம் இருக்கும் என்றார். "காபி ஆறி அவலாப் போற வரைக்கும்" என்றாள். டாக்டரும் கெட்டிக்காரர், மூன்றாவது கேள்வியிலிருந்து நாற்காலியை மாமி பக்கமே திருப்பிக்கொண்டார். உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் மூட்டையே எதிரி என்று நினைத்து அடிக்கிறது, அதை அடக்கினால் வலியும் அடங்கும் என்று சொல்லி, மாத்திரையும் மாதம் இரண்டு ஊசியும் எழுதினார். அந்தச் சக்தியை அடக்கி வைத்தால் வேறு என்னென்ன நோய் தலைதூக்கும் என்று மட்டும் சொல்லவில்லை. காசநோய்க் கிருமி உடம்பில் இருக்கிறதா என்று பரிசோதனையும் செய்யவில்லை.

வலி நன்றாகவே குறைந்தது. ஆனால் ஐந்தாம் மாதம் இருமல் வந்தது. பதினோரு கிலோ இளைத்து, மூச்சுக்குத் திண்டாடும்போது அரசு ஆஸ்பத்திரியில் காசநோய் என்று கண்டுபிடித்தார்கள். இருபத்திரண்டு நாள் அங்கே கிடந்தார். ஒரு நாள் பிழைப்பாரா என்பதே சந்தேகமாக இருந்தது. மாமி அன்றைக்குத்தான் யாரிடமும் பேசாமல் இருந்தாள்.

பிழைத்து வீடு வந்தவருக்கு அங்கிருந்த டாக்டர் அம்மாள் விவரமாகச் சொல்லி அனுப்பினார்: கூட்டம் வேண்டாம், ஆறிப்போன பண்டம் வேண்டாம், காய்ச்சல் என்றால் அன்றைக்கே வர வேண்டும். மாமி அதைத் தெரு முழுவதற்கும் சட்டமாக்கிவிட்டாள். அவள் வாசலில் நிற்கிற நேரத்தில் அந்தத் தெருவில் ஒருத்தரும் நிம்மதியாகத் தும்ம முடியவில்லை.

பிறகு, அந்தக் கிளினிக்கைச் சும்மா விடக் கூடாது என்று நிக்கத்திடம் போனார்கள். பெரிய காஞ்சிபுரத்தில் ஜரிகை வியாபாரம் செய்யும் ஹயாத் பாஷாவின் மகள் அவள். கடை மாடியிலேயே வக்கீல் அலுவலகம். பத்தாம் வகுப்பில் சாரிடம் கணக்குப் படித்தவள்.

"போலீசுக்குப் போனா இழுத்துக்கினே போகும் மாமி. மெடிக்கல் கவுன்சில்ல புகார் குடுத்தா டாக்டர் மேல நடவடிக்கை எடுப்பாங்க, ஆனா நஷ்டஈடு வராது. அதுக்கு நுகர்வோர் ஆணையம்தான். ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும், இன்னும் டைம் இருக்குது. மொதல்ல கிளினிக்குல கேஸ் ஷீட்டு கேளுங்க. கேட்டா குடுத்துத்தான் ஆவணும்" என்றாள்.

கேஸ் ஷீட் வந்தது. காசநோய்ப் பரிசோதனை என்ற பேச்சே அதில் இல்லை. வழக்குப் போட்டார்கள். கிளினிக்கின் வக்கீல், சார் உறுதிமொழியோடு பதில் எழுத வேண்டும் என்று இருபது கேள்விகளை அனுப்பிவைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை நிக்கத் அந்தத் தாளோடு வீட்டுக்கே வந்தாள். "மாமி, பதில் சார்தான் எழுதணும். நீங்க பக்கத்துல குந்தலாம், வாயத் தொறக்கக் கூடாது."

மாமியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சார், பரீட்சையில் ஒரு படியும் விடாமல் கணக்குப் போடுகிற பையன் மாதிரி ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டே வந்தார். பதின்மூன்று வரைக்கும் மாமி தாக்குப்பிடித்தாள்.

பதினான்காவது கேள்வி: ஊசி போட்டுக்கொண்டிருந்த காலத்தில் வரதராஜப் பெருமாளின் கருடசேவைக் கூட்டத்தில் கலந்துகொண்டீர்களா?

"இதான் சார் அவங்க கண்ணி. சீக்கு கூட்டத்துலேர்ந்து வந்துச்சு, எங்க மேல தப்பு இல்லன்னு சொல்லப் போறாங்க" என்றாள் நிக்கத்.

"போகலைன்னு எழுதிடுங்கோ!" என்றாள் மாமி.

"பெருமாளுக்கு முன்னாடி கோஷ்டியில நின்னு பாசுரம் சேவிச்சுட்டு, போகலைன்னு எழுதறதா?" என்றார் சார்.

"ஞாபகம் இல்லைன்னாவது எழுதுங்கோளேன்!"

"மாமி, ஒரு பொய்யி எழுதினா மொத்த கேசும் பூடும்" என்றாள் நிக்கத்.

சார் குனிந்து எழுத ஆரம்பித்தார். மாமி விருட்டென்று எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டாள். பாத்திரங்கள் உருளும் சத்தம் கேட்டது. பின்னாலேயே போன நிக்கத், மாமி அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு அழுவதைப் பார்த்துத் திகைத்துப்போனாள்.

"நான்தாண்டி அனுப்பிச்சேன்" என்றாள் மாமி. "அந்த வருஷம் அசதியா இருக்கு, வரலைன்னுதான் சொன்னார். நான் அந்த டாக்டர்கிட்டயே கேட்டேன், கூட்டம் நெரியுமே, போகலாமான்னு. தாராளமா போகச் சொல்லுங்க மாமி, எனக்கும் சேர்த்து வேண்டிக்கட்டும்னார். ஆத்துக்கு வந்து, வேஷ்டியைக் கையில குடுத்துத் தள்ளாத குறையா அனுப்பிச்சேன். ரெண்டு மாசத்துல அந்த இருமல். நானே கொல்லப் பார்த்திருக்கேன்."

பூக்காரம்மாவிடம் சாரின் எடையைக்கூட ஒப்பித்தவள், இதை மட்டும் ஒன்றரை வருஷமாக ஒருத்தரிடமும் சொல்லாமல் தனியாகச் சுமந்திருக்கிறாள். நிக்கத் அவள் தோளைப் பிடித்துத் திருப்பினாள்.

"மாமி, அந்தக் கிருமி பல வருஷமா சார் உடம்புல தூங்கிக்கினு இருந்திருக்கும், ஊசிதான் எழுப்பி விட்டுச்சுன்னு அரசு டாக்டர் எழுதிக் குடுத்திருக்காங்க. மொதல்லயே டெஸ்ட் எடுத்திருந்தா தெரிஞ்சிருக்கும். நீங்க அனுப்பினதால வரல. நீங்க கேட்டும் அவரு எச்சரிக்கல பாருங்க, அதுதான் நமக்குப் பெரிய சாட்சி. இத்த ஏன் எங்கிட்ட சொல்லல?"

மாமி பதில் சொல்வதற்குள் சார் தாளோடு அடுக்களை வாசலில் வந்து நின்றார். தாளை மாமியிடம் நீட்டினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு படித்தாள்.

'கலந்துகொண்டேன். போகலாமா என்று என் மனைவி முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டாள். தாராளமாகப் போகலாம் என்றார். நானும் அந்த அறையில்தான் இருந்தேன். அவள் அளவுக்கு என் உடம்பைப் பற்றி அந்த டாக்டர் யோசித்திருந்தால் எனக்கு இந்த நோய் வந்திருக்காது.'

"சார், நீங்களாவது இத்த மொதல்லயே சொல்லியிருக்கலாமே!" என்றாள் நிக்கத்.

"என்னை யாரும்மா கேட்டா?" என்றார் சார்.

மாமி தாளிலிருந்து நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "ஏன்னா, நான் அங்க பேசினதெல்லாம் உங்க காதுல விழுந்துதா?"

"நீ பேசி எது என் காதுல விழாம இருந்திருக்கு, ஹேமா?" என்றார் சார்.