தட்டியாச்சு, நில்லுங்க

விருத்தாசலத்தில் எந்தச் சேதியும் என் வாயைத் தொடாமல் பஸ் ஸ்டாண்டைத் தாண்டியதில்லை. ஆரோக்கியராஜ் மாரடைப்பில் போய்விட்ட சேதி மட்டும் எல்லோருக்கும் கடைசியாக எனக்கு வந்தது. டீக்கடையில் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். என்னிடம் சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை.

பீங்கான் ஃபியூஸ் செய்யும் கம்பெனியில் எங்கள் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து மேசை. அங்கே வேலை பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும், சின்ன முதலாளி பொறுப்பேற்றதும் சூளைக் கணக்கு முழுவதையும் ஆக்சஸ் என்ற கம்ப்யூட்டர் புரோகிராமுக்கு மாற்றச் சொன்னார். அது வராதவர்கள் பேக்கிங்குக்குப் போகலாம் என்றார். எனக்கோ எக்செல் கட்டங்களைத் தாண்டினால் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி. இனி வைக்கோலில் ஃபியூஸ் சுற்றப்போகிறேன் என்று வீட்டில் சொல்லியே விட்டேன்.

ஆரோக்கியராஜ் என் எக்செல் தாளில் ஒரு பட்டன் வைத்து, அதன் பின்னால் மேக்ரோ என்கிற குட்டிக் கட்டளை எழுதினார். "இத அமுக்குய்யா. ஆக்சஸ் தானா தொறந்து சூளைக் கணக்கோட வந்து நிக்கும். நீ உன் வூட்டுலயே இரு, அது வரும்."

சின்ன முதலாளி என் முதுகுக்குப் பின்னால் நின்ற அன்று அமுக்கினேன். ஒன்றும் வரவில்லை. பதற்றத்தில் அமுக்கிக்கொண்டே இருந்தேன். பிறகு, பந்திக்கு ஒரே குடும்பம் நுழைவதுபோல, ஒன்றன்மேல் ஒன்றாக ஆக்சஸ் வந்துகொண்டே இருந்தது. கம்ப்யூட்டர் உறைந்துபோனது. நானும்தான்.

"மேக்ரோவுலதான் தப்பு சார், இவரு மேல இல்ல. நாளைக்குச் சரியா ஓடும்" என்றார் ஆரோக்கியராஜ். முதலாளி நகர்ந்ததும் என்னைப் பிடித்துக்கொண்டார். "யோவ், ஒரு வூட்டுக் கதவத் தட்டுனா நிக்க மாட்ட? உள்ள இருக்கறவன் கைலியக் கட்டிக்கிட்டு எழுந்து வர வேணாமா?"

மேக்ரோவை மாற்றினார். ஆக்சஸ் ஏற்கெனவே திறந்திருந்தால் இன்னொன்றைத் திறக்காது, அதையே முன்னால் கொண்டுவரும். பட்டனை அமுக்கியதும் திரையில், ஆங்கில எழுத்தில் தமிழாக ஒரு வரி வரும்: தட்டியாச்சு, நில்லுங்க. எழுத்தில் மட்டும் எனக்கு மரியாதை. மறுநாள் ஒரே தடவை அமுக்கிவிட்டு இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டேன். சூளைக் கணக்கு வந்து நின்றது. பேக்கிங் பகுதி என்னிடமிருந்து தப்பித்தது.

என் அம்மா இறந்தபின் கொஞ்ச காலம் நான் யாருக்கும் கதவு திறக்கவில்லை. ஆரோக்கியராஜ் வேலை முடிந்து தன் ஊர் கம்மாபுரம் திரும்பும் வழியில் வண்டியை நிறுத்துவார். ஒரே ஒரு தட்டு. கூப்பிட மாட்டார். ஜன்னலில் அவர் தலை தெரியும். இருட்டும்வரை நின்றுவிட்டுப் போவார். ஒருநாள் திறந்தேன். "டீ இருக்குதா?" என்று மட்டும் கேட்டார்.

இப்போது அவர் வீட்டுக்குப் போனபோது கதவு விரியத் திறந்திருந்தது. உள்ளே ஜெபம் நடந்துகொண்டிருந்தது. கதவு நிலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு வெளியே நின்றேன். அவர் மனைவி பிலோமினா எழுந்து வந்தார்.

"உள்ள வாங்கண்ணே. தொறந்துதான இருக்குது, ஏன் நிக்கிறீங்க?"

 ஆரோக்கியராஜிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த ஒரு பழக்கம்தான். ஒரு தட்டு, பிறகு நிற்பது. ஜெபம் முடியும்வரை வாசலிலேயே நின்றேன்.