கலோரிக் கொப்பியில் எழுதாத பணிஸ்

1. முதல் வியாழக்கிழமை

கண்டிக் குளத்தின் எதிர்க்கரை மரங்கள்கூடத் தெரியாத ஒரு மழைக் காலையில்தான் பரீதா ராத்தா முதன்முதலாக எங்கள் நிலையத்துக்கு வந்தார். ஈரக் குடையை எங்கே வைப்பதென்று தெரியாமல் வாசலிலேயே நின்றார்.

அப்போது நான் டவுனில் ஒரு மாடிக் கட்டடத்தில் இருந்த எடை குறைப்பு நிலையத்தில் கவுன்சிலர். பெயர்தான் பெரிது. வருகிறவர்களை ஸ்கேலில் ஏற்றிக் கார்டில் எழுதுவது, பன்னிரண்டு வாரப் பெக்கேஜை விளக்குவது, பெக்கேஜ் எடுத்தவர்களோடு வாரத்துக்கு அரை மணி நேரம் உட்கார்ந்து பேசுவது, இவ்வளவுதான் வேலை. நான் பன்விலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். அங்கே அம்மா பறித்த கொழுந்தின் எடை கூடினால் வீட்டில் சந்தோஷம். இங்கே எடை குறைந்தால் சந்தோஷம். இதற்குப் பழகவே எனக்கு ஒரு வருடம் பிடித்தது.

ராத்தாவுக்கு நாற்பத்தாறு வயது. தெல்தெனியவில் பெண்களுக்குத் தையல் வகுப்பு நடத்துகிறவர். எடை எண்பத்து நான்கு கிலோ. எழுபத்திரண்டுக்கு இறங்க வேண்டும் என்றார். ஏன் எழுபத்திரண்டு என்று நான் கேட்கவில்லை. சொந்தத்தில் ஏதோ கலியாணம் வருகிறது, சாரி உடுத்த ஆசைப்படுகிறார் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

அவர் கைப்பையிலிருந்து ஒரு புதுக் கொப்பியை எடுத்து மடியில் வைத்தார்.

“மிஸ், ஒண்டு நெசமா செல்லுங்க. ஒங்கட பவுடர் கோர்ஸ எடுக்கிறதா, இல்லாட்டி இந்தக் கொப்பில கலோரி எழுதிச் சாப்புடுறதா? எனக்கு எது சரிவரும்?”

பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் எங்கள் மேனேஜர் குணரத்தினம் ஐயா உட்கார்ந்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், கெட்ட மனிதர் அல்ல. “கொப்பி எழுதுற ஆக்கள் மூண்டாம் நாள் பேனையைத் துலைச்சுப்போடுவினம், சரோஜா. வாறவைக்கு எங்கட புரோகிராமைச் சொல்லுங்கோ” என்று அடிக்கடி சொல்வார். அதில் உண்மையும் இருந்தது. எத்தனையோ பேர் பாதி எழுதிய கொப்பியோடு வந்து எங்களிடம் சேர்ந்திருக்கிறார்கள்.

“பெக்கேஜ்தான் லேசு மேடம். எல்லாத்தையும் நாங்க பார்த்துக்குவோம். பன்னெண்டு வாரத்துல பன்னெண்டு கிலோ குறைச்சிரலாம்” என்றேன்.

அவர் கொப்பியைத் திரும்பவும் பைக்குள் வைத்தார்.

2. தண்ணீருக்கடியில் எரிந்த போறணை

காலையிலும் இரவிலும் சாப்பாட்டுக்குப் பதிலாகப் பவுடர் கரைத்துக் குடிக்க வேண்டும். மத்தியானம் மட்டும் ஒரு சிறிய தட்டுச் சோறு. இதுதான் கோர்ஸ். ராத்தா சொன்னதைச் சொன்னபடி செய்தார். முதல் வாரம் இரண்டு கிலோ இறங்கியது, ஐந்தாவது வாரத்தில் எழுபத்தேழுக்கு வந்துவிட்டார். மேனேஜர் ஐயா அவரது கார்டை நோட்டீஸ் போர்டில் குத்தி வைத்தார்.

வியாழக்கிழமை பத்து மணி அவருடைய நேரம். மேடம் என்று கூப்பிடுவது போய், அவர்கள் வீட்டில் அக்காவைக் கூப்பிடுவது போல, மூன்றாவது வாரத்திலேயே ராத்தா ஆகிவிட்டார். எடை பார்த்து முடிந்ததும் ஜன்னலோரக் கதிரையில் சாய்ந்து, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, அந்த வாரம் கண்ட கனவுகளைச் சொல்வார். எல்லாமே சாப்பாட்டுக் கனவுகள். கனவில் ஒருநாள் குளத்தைச் சுற்றி நடந்துகொண்டே போனாராம், கரை முழுக்க வட்டலப்பம் ஆவி பறக்க அடுக்கியிருந்ததாம். இன்னொரு நாள் மழைக்குப் பதிலாகச் சீனி பெய்ததாம்.

“கனவுல சாப்பிட்டதுக்கும் கலோரி ஈக்கா மிஸ்?”

“இல்லைங்க ராத்தா. அது எவ்வளவு வேணாலும் சாப்பிடலாம்.”

இரண்டு பேரும் சிரிப்போம். வெளியே மூட்டம் மெல்ல விலகி, குளத்துத் தண்ணீர் ஒரு பக்கம் மட்டும் வெளிச்சமாவதைப் பார்த்தபடி அவர் பேசுவார், நான் கேட்பேன். அந்த அரை மணி நேரம் நானும் அவர் கனவுக்குள் எங்கேயோ நடந்து திரிந்துவிட்டு வந்தது போல இருக்கும்.

அடிக்கடி வந்த கனவு ஒன்று. பழைய தெல்தெனிய டவுன், விக்டோரியா நீர்த்தேக்கம் கட்டியபோது தண்ணீருக்கடியில் போனது. ராத்தாவின் வாப்பா நடத்திய பேக்கரியும் அதோடு போனது. கனவில் ராத்தா அந்தத் தண்ணீருக்குள் இறங்கி நடப்பார். மூச்சு முட்டாது. பழைய கடைத்தெரு அப்படியே இருக்கும். மீன்கள் வாசல்களில் நுழைந்து வெளியேறும். வாப்பா பாண் சுட்ட போறணை அடுப்பு மட்டும் தண்ணீருக்கடியிலும் சிவப்பாக எரிந்துகொண்டிருக்கும், பாண் வாசம் வரும்.

“ஆனா போறணைக்கு முன்னால நிக்கிறது வாப்பா இல்ல மிஸ். என் தம்பி ரிஸ்வான்தான். ‘ராத்தா, பாண் வெந்துட்டு, கிட்ட வாங்க’ண்டு கூப்புடுவான். நான் எவ்வளவு நடந்தாலும் கிட்டப் போக ஏலா.”

அதைச் சொல்லும்போது அவர் குரல் மாறியது. எனக்கு அது கேட்டது. ஆனால் அடுத்த ஆள் வாசலில் காத்திருந்தார். நான் கார்டை மூடினேன்.

ஆறாவது வியாழக்கிழமை ராத்தா வரவில்லை. மறுநாள் வந்தார். ஸ்கேல் பக்கமே போகாமல் கதிரையில் உட்கார்ந்தார்.

“டாக்டர் பவுடர நிப்பாட்டச் செல்லிட்டார் மிஸ்.”

“எந்த டாக்டர் ராத்தா?”

“கிட்னி கிளினிக் டாக்டர்.”

அப்போதுதான் முழுக் கதையும் தெரிந்தது. புதிய டவுனில் பேக்கரி நடத்தும் தம்பி ரிஸ்வானுக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து, வாரத்தில் மூன்று நாள் டயலிசிஸ். மனைவியின் இரத்தம் பொருந்தவில்லை. ராத்தாவுடையது பொருந்தியது. ஆனால் இந்த எடையில் உங்களை அறுக்க முடியாது, எழுபத்திரண்டுக்கு இறங்கி வாருங்கள் என்று கிளினிக்கில் சொல்லியிருக்கிறார்கள். ராத்தா தனக்காக வரவில்லை, ஒரு சிறுநீரகத்தைக் கொடுப்பதற்காக வந்திருக்கிறார். இப்போது இரத்தப் பரிசோதனையில் ஏதோ ஓர் அளவு சரியில்லை. என்ன குடிக்கிறீர்கள் என்று டாக்டர் கேட்டு, பவுடர் டின்னில் புரத அளவைப் பார்த்ததும் தலையில் கைவைத்துக்கொண்டாராம். மூன்று மாதம் சாதாரணச் சாப்பாடு சாப்பிட்டு, மெதுவாக எடையைக் குறைத்துக்கொண்டு திரும்ப வரச் சொல்லியிருக்கிறார்.

“அப்பவும் சரிவராட்டி, நான் குடுக்க ஏலாதாம் மிஸ்.”

அவர் என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். எதற்கு எழுபத்திரண்டு என்று முதல் நாளே ஒரு வார்த்தை கேட்டிருந்தால், இந்தப் பவுடரை அவர் கையில் கொடுத்திருக்க மாட்டேன்.

“அந்தக் கொப்பி இன்னும் இருக்குங்களா?” என்று கேட்டேன்.

பைக்குள்ளேயே இருந்தது.

3. எழுதாத வரி

ஒரு நாளைக்கு ஆயிரத்து நானூறு கலோரி என்று டாக்டர் குறித்துக் கொடுத்திருந்தார். என்னிடம் இருந்த அச்சடித்த பட்டியலில் எங்கள் சாப்பாடு எதுவும் இல்லை. பாற்சோறு இல்லை, தேங்காய்ச் சம்பல் இல்லை, ரொட்டி இல்லை. அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை சின்ன கிச்சன் ஸ்கேலைப் பைக்குள் வைத்துக்கொண்டு தெல்தெனிய பஸ் ஏறினேன். குண்டசாலை தாண்டியதும் மூட்டம் கலைந்தது.

பேக்கரிக்கு மேல்மாடிதான் ராத்தாவின் வீடு. அவர்கள் வீட்டு அகப்பை, கோப்பை, தேங்காய் துருவல் அள்ளும் கரண்டி என்று ஒவ்வொன்றாக நிறுத்துக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதினோம். ஒரு கரண்டித் துருவலுக்கு இவ்வளவு கலோரியா என்று ராத்தா வாயில் கைவைத்தார்.

மூன்று வாரம் ராத்தா ஒழுங்காக எழுதினார். முத்து முத்தான எழுத்து. கூட்டிப் பார்த்தால் ஆயிரத்து நானூறைத் தாண்டவே இல்லை. ஆனால் எடை எழுபத்தொன்பதரை. இரண்டரைக் கிலோ கூடியிருந்தது. பவுடரை நிறுத்தியதால் கொஞ்சம் ஏறும், அது சகஜம். இவ்வளவு ஏறாது.

அடுத்த ஞாயிறு போனபோது வரி வரியாகப் பார்த்தேன். காலை ஆறு மணிக்குப் பால் இல்லாத தேத்தண்ணி. அதற்குப் பிறகு எட்டரைக்குத்தான் சாப்பாடு.

“ராத்தா, தேத்தண்ணியோட வேற எதுவும் சாப்பிடுறதில்லையா?”

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். தூரத்தில் நீர்த்தேக்கம் சாம்பல் நிறத்தில் படுத்துக் கிடந்தது.

“தம்பி விடிய வெள்ளாப்புலயே மேல வருவான் மிஸ். ரெண்டு சீனிப் பணிஸ் கொண்டருவான், சூடா. பட்டர் பூசி. படி ஏறுறதுக்கே அவனுக்கு மூச்சு வாங்கும். அவன் கையால தாறத வேணாண்டு செல்ல எனக்கு ஏலா. அத எப்புடிக் கொப்பில எழுதுற?”

பணிஸ் என்கிற அந்த இனிப்பு பன் இரண்டு, பட்டரோடு சுமார் அறுநூறு கலோரி. மிச்சம் பிடித்ததெல்லாம் விடிவதற்குள் போய்க்கொண்டிருந்தது.

நான் கீழே இறங்கிப் போனேன். ரிஸ்வான் போறணைக்கு முன்னால் ஒரு கதிரையில் உட்கார்ந்து வேலையாட்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். நாற்பது வயதுகூட இல்லை. கால் இரண்டும் வீங்கியிருந்தன. பக்கத்தில் கோடு போட்ட ஒரு போத்தல். ஒரு நாளைக்கு அவ்வளவு தண்ணீர்தான் குடிக்கலாமாம்.

“தம்பி, உங்க அக்கா படுற பாடு தெரிஞ்சும் பணிஸ் குடுக்கிறீங்களே” என்றேன். கோபமாகத்தான் சொன்னேன்.

அவர் வேலையாட்களை வெளியே போகச் சொன்னார். நெருப்பைப் பார்த்தபடியே பேசினார்.

“எட கொறையாட்டி அவவ அறுக்க மாட்டாங்கதானே மிஸ்?”

நான் பக்கத்தில் கிடந்த மா மூட்டையில் உட்கார்ந்தேன்.

“உம்மா மௌத்தாகி அடக்கம் செய்யும்போது எனக்கு ஆறு வயசு. ராத்தா என்னப் பார்க்கப் போய்க் கலியாணம்கூட முடிக்கல்ல. இப்ப வகுத்தயும் கிழிச்சுத் தரப் போறாவாம். எனக்கு வேணாண்டா கேக்க மாட்டேங்கிறா. வேற என்ன செய்ற நான்?”

போறணைக்குள் விறகு சரிந்து பொறி பறந்தது. இந்த மனிதரிடம் கலோரியைப் பற்றி என்ன பேசுவது?

“தம்பி, அவங்க ரெண்டு மாசத்துக்கு மேலா பட்டினி கிடக்கிறாங்க. கனவுல எல்லாம் நீங்கதான் வர்றீங்க. கூப்பிடுறீங்களாம், கிட்ட வர முடியலையாம். இதுக்கப்புறம் கிளினிக்ல முடியாதுன்னு சொல்லிட்டா, உங்களைக் காப்பாத்த முடியலைங்கிற பாரத்தைச் சாகும் வரைக்கும் அவங்கதான் சுமக்கணும். நீங்க வேணும்னேதான் பணிஸ் குடுத்தீங்கன்னு அவங்களுக்குத் தெரியவே தெரியாது. அது சரிங்களா?”

அவர் முகத்தைத் துவாயால் மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு மேல்மாடிக்கு ஏறினார். நான் பின்னால் போகவில்லை. அக்காவும் தம்பியும் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. சத்தமாக ஒருமுறை அழுகை கேட்டது.

ரிஸ்வான் இறங்கி வந்தபோது கையில் கொப்பி இருந்தது.

“இனி நான் எழுதுறன் மிஸ். மா எவ்வளவு, சீனி எவ்வளவுண்டு இந்த வீட்டுல என்னை விடத் தெரிஞ்ச ஆள் ஆரு?”

4. எழுபத்திரண்டு

அன்றிலிருந்து கொப்பி ரிஸ்வானுடையது. பேக்கரித் தராசில் நிறுத்துத்தான் ராத்தாவின் தட்டில் சோறு விழும். தம்பியின் சாப்பாடும் அளவுச் சாப்பாடு என்பதால் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே நேரத்தில் சாப்பிட்டார்கள். வியாழக்கிழமைகளில் நான் போன் எடுத்து அரை மணி நேரம் பேசினேன். பெக்கேஜில் பவுடரை விட அந்த அரை மணி நேரப் பேச்சுதான் நிறையப் பேருக்கு உதவியது என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். தனியாகக் கணக்கு எழுதுகிறவருக்கு அது இல்லை. எங்களிடம் வருகிறவருக்கு, தான் என்ன சாப்பிடுகிறோம் என்ற கணக்கு இல்லை.

விஷயம் மேனேஜர் ஐயாவின் காதுக்குப் போனது. “எங்கட கஸ்டமரை நீங்கள் வெளியில வச்சுப் பார்க்கிறியள். இது சரியோ, சரோஜா?” என்று கேட்டார். சரியில்லை ஐயா என்றேன். அந்த மாத முடிவில் விலகினேன். அவர் கோபப்படவில்லை. நற்சான்றுக் கடிதம்கூட எழுதிக் கொடுத்தார். அதன் பிறகு ஒரு டாக்டரின் கிளினிக்கில் சேர்ந்து, ஓய்வு பெறும் வரை அங்கேயே இருந்தேன்.

மூன்று மாத முடிவில் இரத்தப் பரிசோதனை சரியாக வந்தது. இன்னும் ஒரு மாதத்தில் எடை எழுபத்திரண்டுக்குச் சற்றுக் கீழே இறங்கியது. சத்திரசிகிச்சை அன்று காலையில் ஆஸ்பத்திரி வராந்தாவில் நானும் ரிஸ்வானின் மனைவியும் உட்கார்ந்திருந்தோம். மலைகளை மூட்டம் மறைத்திருந்தது. மத்தியானம் தாண்டி நர்ஸ் வந்து, இரண்டு பேரும் நன்றாக இருக்கிறார்கள் என்று சிங்களத்தில் சொன்னார். நாங்கள் இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டோம். ரிஸ்வானின் மனைவி துஆ ஓதினார். நான் என் சாமியைக் கும்பிட்டேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் பணம் கட்டும் புரோகிராம் நல்லதா, கலோரி எண்ணுவது நல்லதா என்று என்னைக் கேட்பதுண்டு. இரண்டிலும் குறைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், இரண்டிலும் தோற்றவர்களையும் பார்த்திருக்கிறேன். ஸ்கேலில் ஏற்றுவதற்கு முன்னால் ஏன் குறைக்க வேண்டும், வீட்டில் உங்களோடு யார் சாப்பிடுகிறார்கள் என்று கேளுங்கள். பதில் வரும் வரை காத்திருங்கள். வாசலில் அடுத்த ஆள் நின்றாலும் பரவாயில்லை. நான் ஐந்து வியாழக்கிழமை கேட்காமல் விட்டேன்.

இரண்டு வருடம் கழித்து ராத்தா என் புதிய கிளினிக்குக்கு வந்தார். ஆறு கிலோ கூடியிருந்தது. ரிஸ்வான் நன்றாக இருக்கிறார், விடியற்காலையில் நின்றே வேலை செய்கிறார் என்றார்.

“அப்ப இப்ப என்னத்துக்கு ராத்தா குறைக்கணும்? தம்பிதான் நல்லா இருக்காரே.”

அவர் கொஞ்சம் வெட்கப்பட்டார்.

“முழங்கால் நோகுது மிஸ். மல ஏறிப் பார்க்க ஆசயா ஈக்கி. நாப்பத்தெட்டு வருசத்துல இதுதான் எனக்காகக் கேக்குற மொத காரியம். செய்யலாமா?”

நான் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

“சொல்லுங்க ராத்தா” என்றேன்.