உரிய வழியூடாக ஒரு நட்சத்திரம்

பாடசாலைச் சொத்தைப் பயன்படுத்திப் பெற்ற தரவை வெளியே அனுப்புவதானால் அதிபர் ஊடாக அனுப்ப வேண்டும். கடிதம் கிடைத்த அலுவலகம், உடனே முடிவு சொல்ல இயலாவிட்டால், இடைக்காலப் பதிலாவது தர வேண்டும். கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், வேலை செய்து ஓய்வுபெற்ற எனக்கு இரண்டும் மனப்பாடம். முதலாவதை நான் கடைப்பிடித்தேன். இரண்டாவதை எவரும் கடைப்பிடிக்கவில்லை.

என் மனைவி கண்டியில் பௌதிகவியல் ஆசிரியை. அவளுக்கு ஓய்வுபெற இரண்டு வருடம் இருந்தது. பாடசாலைக்கு நன்கொடையாக வந்த தொலைநோக்கி ஒன்று அலுமாரிக்குள் பூஞ்சணம் பிடித்துக் கிடந்தது. கையொப்பமிட்டு அதை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். மொட்டைமாடியில் வைத்து, கமரா பொருத்தி, ஒரு வெண் குறுமீனை அளந்தாள்.

வெண் குறுமீன் என்பது எரிந்து முடிந்த ஒரு சூரியனின் மிச்சம். பூமியளவு பருமன். எரிக்க ஒன்றும் இல்லாமல் ஆறிக்கொண்டே போகும். ஆறும் வழியில் ஒரு கட்டத்தில் மட்டும், சில நிமிடங்களுக்கு ஒருமுறை அதன் ஒளி கூடிக் குறையும். அவளுடைய வரைபடத்திலும் ஒளி கூடிக் குறைந்தது. ஆனால் எங்கள் பக்கம் பொழுதுபட்டால் பனிப்புகார் இறங்கும். தான் அளந்தது நட்சத்திரத்தையா, புகாரையா? அது ஒன்றுதான் அவளுக்குத் தெரியவேண்டியிருந்தது. வெளிநாட்டில் இவற்றையே கவனிக்கும் குழு ஒன்றினால் சொல்ல முடியும்.

“இப்பவே ஈமெயிலிலை அனுப்பிவிடட்டே?”

“தொலைநோக்கி ஆற்றை? பாடசாலையின்ரை. அப்ப அதிபர் ஊடாகத்தான் போகவேணும்.”

“நட்சத்திரமும் அரசாங்கச் சொத்தே?”

“நீர் பகிடி விடும். நாளைக்கு ஆரும் கேள்வி கேட்டால் நான்தான் பதில் சொல்லவேணும்.”

ஒருவரும் கேட்கவில்லை. கடிதத்தை நானே எழுதினேன். மூன்று பிரதிகள், இணைப்பு ஒன்று. அதிபர் அன்றே மேலலுவலகத்துக்கு அனுப்பினார்.

சில மாதங்களில் அவளுக்குச் சிறுநீரகம் பழுதானது. பதில் இல்லாததால் நான் அந்த அலுவலகத்துக்குப் போனேன். மடவளைக்காரரான லிகிதர் எழுந்து கதிரை தந்தார்.

“கடிதம் பத்திரமா ஈக்குது சேர். நட்சத்திரத்துக்குன்னு எங்களுக்கிட்ட ஒரு கிளை இல்லையே. எந்த ஃபைல்ல போடுறதுன்னு பெரியவர் யோசிக்கிறார்.”

“பொது விடயங்களிலை போடுங்கோ,” என்றேன். நன்றியுடன் குறித்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரி வாட்டில் அவள் கேட்டாள்: “பதில் வந்ததே?”

“நினைவூட்டல் குடுத்திருக்கிறன்.”

“இஞ்சருங்கோ, நேர அனுப்புங்கோவன். என்ரை ஃபோனிலை எல்லாம் கிடக்கு.”

“ஒரே விசயத்தை ரெண்டு வழியிலை அனுப்பினால் ரெண்டும் நிண்டுபோம்.”

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். நான் போர்வையைச் சரிசெய்தேன்.

அந்தக் கிழமையே இறந்துபோனாள். அழுகை வரவில்லை, படிவங்கள் இருந்தன. கிராம சேவகர், பதிவாளர், அவளுடைய பாடசாலை. ஒன்றிலும் நான் பிழை விடவில்லை. தொலைநோக்கியையும் துடைத்து, ஒப்படைத்து, பற்றுச்சீட்டு வாங்கினேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி. அதற்கு மறுநாள் அவளுடைய ஃபோன் ஒலித்தது. மேலலுவலகம் முதல்நாள்தான் கடிதத்தை ஈமெயிலில் அனுப்பியிருந்தது. வெளிநாட்டுக் குழு ஒரே நாளில் பதில் எழுதிவிட்டது. அவள் அளந்தது நட்சத்திரத்தைத்தான். கால இடைவெளி தங்களுடையதோடு ஒத்துப்போகிறது. இனிமேல் நேரடியாகவே அனுப்பலாம்.

அவளுடைய அவதானிப்புக் கொப்பியை எடுத்தேன். கடைசி வரைபடத்தின் கீழ் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தாள். அதை நான் வெட்டவில்லை. பழக்கத்தில், பக்கத்தில் எழுதினேன்: பதில் பெறப்பட்டது, முப்பத்திரண்டாம் நாள், வியாழக்கிழமை.