ஐந்தாம் பாகத்தைப் பார்த்தவர்

சாவி தயாராகிவிட்டது. ஆனாலும் டெஸ்மண்ட் ஹாய்ல் அதைக் கொடுக்கவில்லை. பித்தளைத் தூளை ஊதிவிட்டு, உள்ளங்கையில் மூடி வைத்துக்கொண்டு பேசிக்கொண்டே இருந்தார். இங்கிலாந்தின் பர்ன்லி நகரச் சந்தைக் கட்டடத்தில் அவருடைய சிறிய கடைக்குச் சாவி வெட்டவும் செருப்புக்கு அடிப்பாகம் ஒட்டவும் வருகிறவர்களுக்கு இது பழக்கம். அபிப்பிராயம் முடிந்தால்தான் சாவி கைக்கு வரும்.

"இசைத்தட்டோட முதல் பக்கம் கம்பெனிக்காரன் விக்கிறதுக்குப் போடுறது. ரெண்டாம் பக்கம்தான் பாடுறவ தனக்காகப் பாடுறது. எந்தத் தட்ட வேணா எடுத்துப் பாரு."

"அடுப்புல உருளைக்கிழங்கு வேகுதுப்பா டெஸ்," என்றாள் எதிரே நின்ற பெண்மணி. "வீடு பத்திக்கிட்டா உன் பாட்டுக்காரி வந்து அணைப்பாளா?"

"அணைக்க மாட்டா. நீ வெளிய நின்னு அழுறப்போ கூட இருப்பா."

அறுபத்தாறு வயது. கம்பளிச் சட்டையின் முழங்கைகளில் எப்போதும் பித்தளை மினுக்கம். தொலைக்காட்சித் தொடர்களை எடை போட அவரிடம் சொந்தத் தராசு உண்டு. அட்டையில் செய்த அரங்கச் சுவர் ஆடினால் அவருக்கு அது குற்றமில்லை. "ஆடட்டுமே. எங்க தெருவுல பாதி வீடு ஆடுது." பளபளக்கும் விண்கலம் வந்தால் டிவியை அணைத்துவிடுவார். "துடைச்சு வச்ச கலத்துல எவன் குடியிருந்தான்? அங்க யாரு டீ போடுறாங்கன்னு காட்டாத தொடரை நான் நம்ப மாட்டேன்."

அவர் நம்புகிற தொடர் ஒன்றே ஒன்று. 'உப்பு நிலையம்.' 1976-ல் எட்டு வாரம் வந்தது. கடலடியில் ஒரு நிலையம், மேலே என்ன ஆயிற்று என்று தெரியாத ஆறு பேர். அன்றைய வழக்கப்படி ஒளிபரப்பிய நாடாக்களை அழித்து மறுபடி பயன்படுத்தினார்கள். ஏழு பாகங்கள் எப்படியோ தப்பின. ஐந்தாவது தப்பவில்லை.

அந்த ஐந்தாம் பாகத்தில்தான் கிளெனிஸ் பாலிட் வந்தார். ஒரே ஒரு இசைத்தட்டு வெளியிட்டு, அது விற்காமல் போன பாடகி. கணவன் இறந்த செய்தியைக் கம்பியில்லாக் கருவியில் கேட்டு அழும் பெண்ணாக நடித்தார். அதற்குமுன் நடித்ததில்லை. பின்னும் இல்லை.

டெஸ்மண்டுக்கு அப்போது பதினேழு. அந்தத் தொடரின் ரசிகர் மன்றம் நடத்திய சைக்ளோஸ்டைல் செய்திமடலில், மொத்தம் நாற்பது பிரதி, அவர் விமர்சனம் எழுதினார்: 'எங்கள் வீட்டு டீ கெட்டில் இதைவிட நன்றாக அழும்.' பாகம் போய்விட்டது, விமர்சனம் மிஞ்சிவிட்டது. காணாமல்போன ஐந்தாம் பாகத்தைப் பற்றி எவர் எழுதினாலும், எந்த வலைத்தளமானாலும், அந்தக் கெட்டில் கொதிக்காமல் இருப்பதில்லை. கிளெனிஸின் இசைத்தட்டின் இரண்டாம் பக்கத்தைப் புகழ்ந்து டெஸ்மண்ட் பிற்பாடு மூன்று முறை எழுதியிருக்கிறார். அந்தப் புகழ்ச்சியை மேற்கோள் காட்டியவர் ஒருவரும் இல்லை.

இன்னொன்றும் உண்டு. அந்த அழுகைக் காட்சியில் கிளெனிஸின் முகத்தை டெஸ்மண்ட் பார்க்கவே இல்லை. இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

ஆண்டுதோறும் மே மாதம் ஒரு சனிக்கிழமை மதியம் ரசிகர்கள் கூடுவார்கள். ஐந்தாம் பாகத்தின் நிழற்படங்களைத் திரையில் காட்ட, டெஸ்மண்ட் தன் பழைய விமர்சனத்தை வாசிப்பார். கெட்டில் வரி வந்ததும் மொத்தக் கூட்டமும் சேர்ந்து சொல்லும். அதுதான் வழக்கம். இந்த வருடம் மன்றச் செயலாளர் ஹிலரி என்ட்விசில் கடைக்கே வந்துவிட்டாள்.

"கிளெனிஸ் வர்றாங்க டெஸ்! மோர்கம் ஊர்ல இருக்காங்க. கேட்டவுடனே சரின்னுட்டாங்க."

டெஸ்மண்ட் இயந்திரத்தை நிறுத்தினார். "அப்ப அந்தக் கெட்டில் வரிய எடுத்துடு."

"நான் எடுத்தா? கூட்டம் சும்மா இருக்குமா? அவங்க பேரத் தேடினாலே முதல்ல அதுதான்யா வருது. இத்தனை வருஷத்துல படிக்காமலா இருப்பாங்க?"

"நான் வரல."

"நம்மள்ல அஞ்சாம் பாகத்தைப் பார்த்த ஒரே ஆளு நீ. நீ வராம என்ன கூட்டம்? மூஞ்சியத் தொங்கப் போடாத. டை கட்டிட்டு வா."

கட்டிக்கொண்டுதான் போனார். ரசிகர்கள் கூடும் மாடியறையில் பத்தொன்பது பேர். முதல் வரிசையில் கிளெனிஸ், பச்சை மழைக்கோட்டைக் கழற்றாமல், மடியில் சாண்ட்விச் தட்டுடன் உட்கார்ந்திருந்தார். டெஸ்மண்ட் வாசித்தார். அந்த வரிக்கு முன்னால் நிறுத்திக்கொண்டு, பின்வரிசையைக் கெஞ்சலாகப் பார்த்தார். பிறகு யாரோ தொடங்கிவிட்டார்கள். மற்றக் குரல்களும் சேர்ந்துகொண்டன. கெட்டில் அழுது முடிந்து சிரிப்பு எழுந்தது.

கிளெனிஸும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக. "பரவால்லையே. என் பாட்டக்கூட இப்படி யாரும் சேர்ந்து பாடினதில்ல."

"நான் உங்களைப் பார்க்கல," என்றார் டெஸ்மண்ட்.

"என்ன தம்பி?"

"அந்த இடத்துல. வீடியோ எல்லாம் ஏது அப்ப? டிவி முன்னால மைக்கப் பிடிச்சு சத்தத்தை மட்டும் கேசட்ல பதிஞ்சுட்டிருந்தேன். கண்ணு பூரா சத்தத்தை அளக்குற ரெக்கார்டர் முள்ளு மேல. நீங்க அழுததும் முள்ளு சிவப்புக்குப் போயிருச்சு. சத்தம் கிழிஞ்சு எல்லாம் பாழ். அந்தக் கோவத்துல எழுதினேன். கெட்டுப்போன கேசட்டுதானேன்னு அது மேலயே ஏதோ பாட்டையும் பதிஞ்சுட்டேன்."

ஹிலரி வாயில் வைத்த பிஸ்கட்டைக் கடிக்க மறந்து நின்றாள். நாற்பத்தொன்பது ஆண்டுகளில் அந்த அழுகைக்குச் சரியான விமர்சனம் செய்தது அந்த முள்தான் என்பது டெஸ்மண்டுக்கு எப்போதோ தெரியும். போட்டுக் காட்டத்தான் கேசட் மிச்சமில்லை.

கிளெனிஸ் தட்டை எடுத்துப் பக்கத்து நாற்காலியில் வைத்தார்.

"எவ்வளவு தூரம் போச்சு, அந்த முள்ளு?"

டெஸ்மண்ட் தாளைக் கீழே வைத்தார். முழங்கையை மேசையில் ஊன்றி, ஆள்காட்டி விரலை முள்ளைப் போல நிமிர்த்தி இடப்பக்கம் சாய்த்தார். பிறகு, கை முழுவதையும் வலக்கோடிக்கு வீசி, மேசைப் பலகையில் விரல் படும்வரை சாய்த்து, எடுக்காமல் அப்படியே வைத்திருந்தார்.