தென்னைமரத்துக்கு வக்காலத்து

பதினோரு வருஷம் வக்கீலாக இருந்தேன். அதில் ஜெயித்த கேஸ்களை எண்ண ஒரு கை போதும், அதிலும் இரண்டு விரல் மிச்சமிருக்கும். சட்டம் தெரியாமல் தோற்கவில்லை. ஜட்ஜிக்குத் தெரிந்ததைவிட எனக்கு அதிகம் தெரியும். அதை அவர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுவேன். அதனால்தான் தோற்றேன். கோபம் மூக்கு நுனியிலேயே குடியிருக்கிற ஆள் நான். இப்போதும் அப்படித்தான், யாரும் சந்தோஷப்பட வேண்டாம்.

இப்படிப்பட்ட என்னைத் திருவிதாங்கூர் சர்க்கார் கூப்பிட்டு உத்தியோகம் கொடுத்தது. கரமனையில் நாங்கள் குடியிருந்த தெரு முழுக்க ஆச்சரியப்பட்டது. என் பெண்டாட்டி மட்டும் ஆச்சரியப்படவில்லை. அவள் நாஞ்சில் நாட்டுக்காரி, பேச்சில் சர்க்கரை சேர்க்கத் தெரியாது. "கோர்ட்டுலேருந்து ஒங்கள வெளிய அனுப்ப அவுகளுக்கு வேற வழி தெரியல்ல. அதாக்கும் விஷயம்" என்றாள்.

உத்தியோகம் எனக்கு வெல்லக்கட்டியாக இனித்தது. ஜனங்கள் சர்க்காருக்கு மனுப் போடுவார்கள். அந்த மனுவை ஏன் ஏற்க முடியாது என்று நான் குறிப்பு எழுத வேண்டும். மேலதிகாரி சம்மதித்தால் அதுவே உத்தரவாகி, என் கையெழுத்தோடு தபாலில் போகும். எதிரே நின்று கத்த வக்கீல் கிடையாது, மேலே உட்கார்ந்து முறைக்க ஜட்ஜி கிடையாது. ஆறு மாதத்தில் ஒரு மனுகூட என்னைத் தாண்டிப் போகவில்லை. பதினோரு வருஷம் தோற்றதற்கெல்லாம் சேர்த்து வைத்து ஜெயித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் பியூன் ஒரு பழைய காகிதக் கட்டைக் கொண்டுவந்து, "ஏமானே, இது ரெண்டு கொல்லமாய்ட்டு அலமாரியில் கிடந்ததாக்கும்" என்று மேசைமேல் வைத்தான். இரண்டு வருஷத் தூசியை ஊதிவிட்டுப் பிரித்தால், உள்ளே என் கையெழுத்து!

அது நான் வக்கீலாக இருந்தபோது எழுதிக்கொடுத்த மனு. கட்சிக்காரர் திருநெல்வேலிப் பக்கத்து ஆள். ஆரியசாலைக் கடைத்தெருவில் வத்தல், மல்லி மொத்த வியாபாரம். வீடு எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி, வாய்க்கால் ஓரத்தில். வாய்க்கால் கரையில் ஒரு தென்னை நின்றது. அது அவர் வீட்டுப் பின்னறைக் கூரைமேல் சாய்ந்திருந்தது. எப்போது விழுமோ என்று அவருக்குப் பயம். வெட்டலாம் என்றால் கரை சர்க்காருடையது, மரமும் சர்க்காருடையது, தொட்டால் குற்றம். அதனால் வெட்டித் தரச் சொல்லி மனு.

ஏழு பக்கம் எழுதியிருந்தேன். மூன்றாவது பக்கத்தில் ரோமாபுரிச் சட்டம் வந்தது. ஐந்தாவது பக்கத்தில் மனுதாரரின் குடும்பம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நடுங்கியது. அன்றைக்கு அதை வாசித்துக் காட்டியபோது அந்த மனுஷர் கண் கலங்கி, காகிதத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

நான் வக்கீலாக இருந்த விஷயத்தில் நானே தீர்ப்புச் சொல்வது முறையில்லை. அந்த அளவுக்கு மானம் இருந்தது. கட்டைத் தூக்கிக்கொண்டு மேலதிகாரியிடம் போய்ச் சொன்னேன். அவர் ஒல்லியான மலையாளி. பொடி போடாமல் எதையும் யோசிக்க மாட்டார். பொடியை உறிஞ்சிவிட்டு, "அப்போள் விஷயம் முழுக்க அறியுன்ன ஆள் நிங்ஙள்தானல்லோ! எழுதிக்கோளு" என்றார்.

மாட்டேன் என்று நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கு ஆசை வந்துவிட்டது. மனுவை மறுபடி படித்தபோது அதில் எத்தனை ஓட்டை என்று தெரிந்தது. ஓட்டைகளைப் பார்க்கப் பார்க்கக் கை துறுதுறுத்தது. இந்த மடையன் வக்கீலை ஒரு கை பார்க்காமல் விடுவதா!

பார்த்தேன். நாலே பக்கம். சாய்ந்து நிற்பது தென்னையின் சுபாவம், சாய்ந்ததெல்லாம் விழும் என்றால் இந்த ராஜ்யத்தில் ஒரு தேங்காய் மிஞ்சியிருக்காது என்று எழுதினேன். மனு போட்டு இரண்டு வருஷமாகியும் மரம் விழாமல் நிற்பதே அது விழாது என்பதற்குச் சாட்சி என்று எழுதினேன். அந்த இரண்டு வருஷமும் மனு எங்கள் அலமாரியில் தூங்கியதைப் பற்றி மூச்சுவிடவில்லை. கடைசியாக ஒரு குத்து: 'மனுதாரரின் வக்கீல் மரத்தை நேரில் கண்டதாகவே தெரியவில்லை.' அது சத்தியமான வார்த்தை. நான் கண்டதில்லை. மனு எழுதியபோதும் பார்க்கவில்லை, இப்போதும் பார்க்கவில்லை. ஆகவே மரத்தால் அபாயம் ஏதுமில்லை, மனு தள்ளப்படுகிறது.

மேலதிகாரி படித்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் பொடி புரையேறிவிட்டது. அன்றைக்கே உத்தரவு போனது. கீழே என் கையெழுத்து.

வீட்டுக்கு வந்து பெண்டாட்டியிடம் முழுக்கச் சொன்னேன். அவள் அப்பளம் பொரித்துக்கொண்டே கேட்டுவிட்டு, "அந்த மரம் சாஞ்சி நிக்கா, இல்லியா?" என்றாள்.

"அது இங்கே கேள்வியே இல்லை."

"பின்னே எதாக்கும் கேள்வி?"

நிரூபிக்கும் பொறுப்பு யாருடையது என்று அவளுக்கு விளக்க ஆரம்பித்தேன். அவள் வாணலியை இறக்கிவிட்டு அந்தப் பக்கம் போய்விட்டாள்.

அதற்கப்புறம் எனக்கு லேசாக உதறல். வியாபாரி வந்து வாசலில் நின்று சண்டை போடுவார் என்று எதிர்பார்த்து, தெரு மாறி ஆபீஸ் போனேன். மூன்று வாரமாகியும் ஆள் வரவில்லை. அடங்கிவிட்டார் என்று நினைத்தேன். அப்போது பெண்டாட்டி ஆரம்பித்தாள். வியாபாரியின் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாளாம், போய்ப் பார்க்க வேண்டுமாம், முந்திரிக்கொத்து சுட்டாயிற்றாம். நான் வரவில்லை என்றேன்.

"கேஸ் நடத்தும்போ அவுக வீட்டு வத்தலும் மல்லியும் மணத்துதுல்லா? இப்போ போகதுக்கு மட்டும் கால் வலிக்கோ?" என்றாள். தலைப்பாகையை எடுத்துக் கட்டிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். இடவப்பாதி என்கிற பருவமழை தொடங்க நாலைந்து நாள்தான் இருந்தது. வானம் கறுத்துக் காற்று வீசிக்கொண்டிருந்தது. வியாபாரி வாசலுக்கே ஓடிவந்து, "வாங்க, வாங்க வக்கீலய்யா" என்று கையைப் பிடித்துக்கொண்டார். உத்தியோகம் வந்தபிறகும் அவருக்கு நான் வக்கீலய்யாதான். முகத்தில் கோபத்தின் சாயலே இல்லை. எனக்கு அது பிடிக்கவில்லை. கோபப்பட்டிருந்தால் பதில் வைத்திருந்தேன்.

நேரே பின்னறைக்கு அழைத்துப் போனார். மகள் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நிறைமாசம். பக்கத்திலே எனக்கு ஒரு நாற்காலி. உட்கார்ந்தேன். தலைக்கு மேலே கிர்ர்ர் என்று ஒரு சத்தம்.

அண்ணாந்து பார்த்தேன். கூரையில் வெளிச்சத்துக்காகப் பதித்த கண்ணாடி ஓட்டின் வழியாக வானம் தெரியவில்லை. தென்னைதான் தெரிந்தது. ஜன்னல் வழியாக அடியைப் பார்த்தேன். வாய்க்கால் தண்ணீர் கரையை அரித்து, பாதி வேர் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. காற்று ஒவ்வொரு தடவை அடிக்கும்போதும் அது முனகியது. ஐயோ கடவுளே! நான் எழுதிய ஏழு பக்கமும் பொய், நாலு பக்கமும் பொய். இந்த மரத்தைப் பற்றி எழுத ஒரு வரி போதும்.

எப்போது எழுந்தேனோ தெரியாது, நான் அறை வாசற்படியில் நின்றுகொண்டிருந்தேன். அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அப்பா, மாமா பயப்படுதாக!"

"ஒண்ணும் செய்யாது, வக்கீலய்யா" என்று வியாபாரி எனக்குத் தைரியம் சொன்னார். "இவளும் பயந்தவதான். வந்த புதுசுல முன்னறையிலதான் படுத்திருந்தா. அங்க காத்தே கெடையாது, புழுங்கிச் செத்தா. அப்பதான் உத்தரவு வந்துது, அபாயம் இல்லன்னு. வேற யாராச்சும் எழுதியிருந்தா நம்பியிருப்பனா? கீழ பாத்தா உங்க கையெழுத்து! 'ஏட்டி, நம்ம வக்கீலய்யாவே பாத்துச் சொல்லிட்டாக, இனி என்ன பயம்'னு கட்டிலத் தூக்கி இங்க போட்டுட்டேன். இருபது நாளா நிம்மதியாத் தூங்குதா."

பயப்படு என்று ஏழு பக்கம் எழுதினேன், இந்த மனுஷர் பயந்தார். பயப்படாதே என்று நாலு பக்கம் எழுதினேன், மகளைக் கொண்டுவந்து மரத்தடியில் கிடத்திவிட்டார். என்னை இப்படி நம்ப இவருக்கு யார் சொன்னது? வெட்கத்தில் காது மடல் எரிந்தது. வெட்கம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும்.

"கட்டிலைத் தூக்கும் ஓய்!" என்று கத்தினேன்.

"அப்போ அந்த உத்தரவு?"

"அதை எழுதினவன் மடையன்!"

"மொதல்ல போட்ட மனு, வக்கீலய்யா?"

"அதை எழுதினவன் அவனைவிடப் பெரிய மடையன்! பிடியும் அந்தப் பக்கம்!"

அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். நிலைப்படியில் கட்டில் சிக்கிக்கொண்டது, என் தலைப்பாகை அவிழ்ந்து கண்ணை மறைத்தது. அந்தப் பெண் வயிற்றைப் பிடித்தபடி முன்னாலே நடந்து, சிரிக்க முடியாமல் சிரித்தாள். என் பெண்டாட்டி முந்திரிக்கொத்துப் பாத்திரத்தோடு பின்னால் வந்தாள்.

மறுநாள் என் உத்தரவை ரத்து செய்யச் சொல்லி நானே குறிப்பு எழுதினேன். ஒரே வரி. மேலதிகாரி காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரோமாபுரி எவிடே?" என்றார். பிறகு, புதிய சாட்சியம் ஏதாவது உண்டா என்று கேட்டார்.

"நான் அதன் கீழே உட்கார்ந்தேன், சார்" என்றேன்.

இரண்டு தடவை பொடி போட்டார். இப்படி எல்லாரும் போய் உட்கார ஆரம்பித்தால் ஆபீஸில் யார் இருப்பது என்று மலையாளத்தில் முனகிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். அதற்கு மறுநாள் ஆட்கள் வந்து, மரத்தைக் கயிறு கட்டி உச்சியிலிருந்து துண்டு துண்டாக இறக்கினார்கள். வியாழக்கிழமை மழை பிடித்துக்கொண்டது. அந்த மழையிலேயே, காற்றே வராத முன்னறையில், அந்தப் பெண்ணுக்கு ஆண்குழந்தை பிறந்தது.

பத்து நாள் கழித்து வியாபாரி கற்கண்டோடு வந்தார். மரம் வெட்டினதில் பின்னறை ஓடு நாலைந்து உடைந்து போய், புதிது மாட்டியிருக்கிறாராம். கற்கண்டை மேசையில் வைத்துவிட்டுத் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"இப்போ தாயையும் பிள்ளையையும் பின்னறைக்கு மாத்திரட்டுமா, வக்கீலய்யா? நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

சரி என்று சொல்ல வாயைத் திறந்தேன். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. குடையை எடுத்துக்கொண்டு, "நடையும், பார்ப்போம்" என்று அவருக்கு முன்னாலே இறங்கினேன்.