உரம் விழுந்தது யாரால்?

என் மகளுக்குப் பிறந்த பெண் குழந்தை, சாயங்காலம் ஐந்து மணி ஆனால் அழ ஆரம்பிக்கும். எட்டு மணிக்குத்தான் ஓயும். முழங்காலை வயிற்றோடு மடக்கி, முகம் சிவந்து, கையை இறுக்கி மூடிக்கொண்டு அழும். பால் கொடுத்தாலும் நிற்காது, தொட்டிலில் ஆட்டினாலும் நிற்காது. மறுநாள் காலையில் ஒன்றுமே நடக்காததுபோல் நம்மைப் பார்க்கும்.

மகள் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். குழந்தைக்கு அப்போது நாற்பது நாள் இருக்கும். ஆஸ்பத்திரியில் காட்டினோம். டாக்டரம்மா எடை போட்டார், வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். காய்ச்சல் உண்டா, பச்சையாக வாந்தி எடுக்கிறதா, மலத்தில் ரத்தம் உண்டா என்று கேட்டார். எதுவும் இல்லை. "குழந்தை நல்லா இருக்கும்மா. சில குழந்தைங்க இப்படித்தான் அழும். மூணு நாலு மாசத்துல தானா நின்னுடும்" என்று அனுப்பிவிட்டார்.

மருந்தே எழுதாத டாக்டரை எப்படி நம்புவது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். யோசித்ததோடு சரி. நான் அஞ்சாவதோடு நின்றவன், உப்புப் பாத்தியில் வேலை. படித்தவர்கள் எதிரில் எனக்கு வாய் வராது. படிக்காதவர்கள் எதிரிலும் அதிகம் வராது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சம்பந்தியம்மா, அதாவது மகளின் மாமியார், பேத்தியைப் பார்க்க வந்தார். ஐந்து மணி அழுகையை அன்றுதான் முதல்முறையாகக் கேட்டார். குழந்தையின் தோளைத் தடவிப் பார்த்தார்.

"இது உரம். உரம் வுழுந்திருக்குது. யார் தூக்கினது புள்ளைய?"

எங்கள் பக்கத்தில் உரம் விழுவது என்றால், குழந்தையைத் தப்பாகத் தூக்கியதால் கழுத்திலோ தோளிலோ பிசகிக்கொள்வது. அதனால் அது நோயின் பெயர் மட்டும் இல்லை. காய்ச்சல் தானாக வரும். உரம் தானாக விழாது. அந்தச் சொல்லைச் சொன்னவுடன் வீட்டில் ஒரு குற்றவாளி வேண்டும்.

"நான்தான் அத்தை தூக்குறேன். குளிப்பாட்டும்போது அம்மா தூக்குவாங்க" என்றாள் மகள்.

"ஒங்கம்மா மூணு பெத்தவங்க, அவங்களுக்குத் தூக்கத் தெரியாதா? நீதான் செல்லைப் பாத்துக்கினே ஒத்தக் கையில தூக்கியிருப்பே."

"செல்லை எங்க அத்தை பாக்குறேன்? தூங்கவே நேரமில்ல."

"எங்க வூட்ல ஆறு புள்ளைங்க வளந்துச்சு. ஒண்ணுத்துக்கும் உரம் வுழல."

என் மனைவி அடுப்பங்கரையில் பாத்திரத்தைக் கொஞ்சம் வேகமாக வைத்தாள். சம்பந்தியம்மா முடிவாகச் சொன்னார்: அடுத்த ஞாயிறு வருவார். அனுமந்தையில் உரம் எடுக்கிற அம்மா ஒருத்தர் இருக்கிறார். குழந்தையை முறத்தில் போட்டு உருட்டி, காலைப் பிடித்துத் தலைகீழாக ஒரு உதறு உதறினால் சரியாகிவிடும்.

"அப்பிடியே தாயையும் புள்ளையையும் நான் கூட்டிக்கினு போறேன். கொஞ்ச நாளு தூக்கத் தெரிஞ்சவங்க கையில இருக்கட்டும்."

நான் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். தூக்கியது நான்.

அதற்கு முந்தின வாரம் ஒரு மத்தியானம். வேலை முடிந்து வந்து கைகால் கழுவியிருந்தேன். மகள் குளித்துக்கொண்டிருந்தாள், மனைவி கடைக்குப் போயிருந்தாள். குழந்தை பாயில் கிடந்து என்னைப் பார்த்தது. உப்புநீரில் வெடித்த கை என்பதால் மற்றவர் எதிரில் நான் குழந்தையைத் தொடுவதில்லை. யாரும் இல்லை என்ற தைரியத்தில் இரண்டு அக்குளிலும் கை கொடுத்துத் தூக்கினேன். தலை பின்னால் சாய்ந்துவிட்டது. ஒரு நொடிதான். உடனே பாயில் போட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன். அன்று சாயங்காலம் பாத்திக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்தேன். அந்த அழுகையை முதல்முறையாகக் கேட்டேன்.

சம்பந்தியம்மா போன பிறகு நான் ஒரு கேவலமான வேலை செய்தேன். மற்றவர்கள் கையைக் கவனிக்க ஆரம்பித்தேன். மனைவி காலில் போட்டு எண்ணெய் தேய்க்கும்போது அழுத்துகிறாளா, மகள் தோளில் சாய்க்கும்போது கழுத்து ஆடுகிறதா என்று ஒளிந்து பார்த்தேன். தப்பு வேறு ஒருவர் கையில் இருந்துவிடாதா என்றுதான்.

வியாழக்கிழமை காலையில் மகள் செல்லை நீட்டினாள். பெரிய முதலியார்சாவடியில் ஒரு பெண் குழந்தைகளுக்குக் கையால் மெதுவாகத் தொட்டு வைத்தியம் செய்கிறாளாம்.

"தலகீழா உதறல்லாம் வுட மாட்டேன்ப்பா. நீ கூட வா."

"அம்மாவக் கூட்டிக்கினு போயேன்."

"அம்மா வந்தா அவங்களே பேசுவாங்க. நீதான் வாயே தொறக்க மாட்டியே."

பஸ்ஸில் போனோம். மாடியில் ஒரு அறை. பலகை முழுக்க இங்கிலீஷ். உள்ளே முப்பது வயதுப் பெண். வளர்ந்தது பெங்களூர் என்றாள், வீட்டில் மட்டும் தமிழாம். கையைச் சூடேறத் தேய்த்துக்கொண்டு குழந்தையின் வயிற்றில் உள்ளங்கையை வைத்தாள். முழங்காலை மடக்கி மெல்ல வயிற்றுப் பக்கம் கொண்டுபோனாள். பிறகு தன் முன்கையில் குப்புறப் படுக்கவைத்து, தலையை முழங்கை மடிப்பில் தாங்கி, நடந்தாள். குழந்தை சத்தமே போடவில்லை. மகள் முகம் மலர்ந்தது.

எனக்குச் சந்தேகம்தான். காலை பதினோரு மணிக்கு எங்கள் வீட்டிலும் அது அழாது.

"எவ்வளவு நாளா அழுகுது? யாராவது எதுவும் சொன்னாங்களா?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"மாமியார் உரம்னு சொல்றாங்க."

அவள் அப்படியே நின்றுவிட்டாள். "உரமா? எந்த உரம்? யூரியாவா? வாயில போயிடுச்சா? எப்போ?" குழந்தையின் வாயைத் திறந்து பார்த்தாள். "முதல்ல ஆஸ்பத்திரிக்கு இல்ல போகணும்!"

மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிரசவத்துக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. பேச முடியாமல் சிரித்தாள், பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது அழுகையாக மாறிவிட்டது. அந்தப் பெண் பயந்துபோய் என்னைப் பார்த்தாள். வேறு யாரும் இல்லை. நான்தான் சொல்ல வேண்டும்.

"வயல்ல போடற உரம் இல்லீங்க. தப்பாத் தூக்கினா வுழறது."

"தூக்கினாவா? எப்படி?"

பக்கத்தில் துணிப்பை இருந்தது. அதை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கிக் காட்டினேன். பையின் வாய் பின்னால் தொங்கியது. "இப்பிடிங்க. கழுத்துக்குக் கை குடுக்காம. நான்தாங்க தூக்கினேன்."

மகள் அழுகையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள்.

அந்தப் பெண் குழந்தையைப் படுக்கவைத்து, தன் விரலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் காட்டினாள். குழந்தை தானாகத் தலையைத் திருப்பியது. "கழுத்து நல்லா இருக்கு சார். தூக்கும்போது தலையைத் தாங்கணும், அது முக்கியம். ஆனா இந்த அழுகை அதனால வந்தது இல்ல. இதைக் கோலிக்னு சொல்வாங்க. ஏன் வருதுன்னு யாருக்கும் சரியா தெரியாது."

"நீங்க தொட்டா நின்னுடுமாங்க?" வாய் திறந்தது திறந்துவிட்டது, கேட்டுவிட்டேன்.

"சில குழந்தைங்க கொஞ்சம் அடங்குறாங்க. நான் தொட்டதாலதான்னு அடிச்சுச் சொல்ற அளவுக்கு ஆதாரம் இல்ல. இந்தப் பிடியை நீங்களே வீட்டுல செய்யலாம். ஆனா கழுத்தைத் திருப்பவோ சொடுக்கவோ தலைகீழா பிடிக்கவோ யாரையும் விடாதீங்க."

தன் மீன் விலைபோகுமா தெரியாது என்று சொல்லும் வியாபாரியை நான் பார்த்ததில்லை. இதில் என்ன தந்திரம் என்று படி இறங்கும்வரை யோசித்தேன். பிடிபடவில்லை.

பஸ்ஸில், என்றைக்குத் தூக்கினேன் என்று கேட்டுக்கொண்டு மகள் சொன்னாள்: "நீ தூக்கறதுக்கு நாலு நாளைக்கு முன்னாடியே அழுதுக்கினுதாம்பா இருந்தா. நீ சாயங்காலம் பாத்திக்குத் தண்ணி வுடப் போயிருவே, ஒனக்குத் தெரியல."

எனக்காகச் சொல்கிறாளோ என்று இன்றுவரை சந்தேகம் உண்டு.

சனிக்கிழமை நானே சம்பந்தியம்மாவுக்குப் போன் போட்டேன். மகளுக்குக் கல்யாணம் ஆன இந்த இரண்டு வருஷத்தில் அவரோடு நான் தனியாகப் பேசியதில்லை.

"புள்ளையத் தூக்கினது நான்தாங்க. ஒங்க மருமக இல்ல."

"அதானே பாத்தேன்! ஏண்ணே, ஒங்களுக்கு எதுக்கு இந்த வேலை? உப்பு வார்ற கையா புள்ளையத் தூக்கும்?"

"தப்புதாங்க. ஆனா முறமெல்லாம் வேணாம். தலகீழா புடிக்கக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க."

"யாரு சொன்னது?"

"டாக்டருங்க." அந்தப் பெண் டாக்டரா என்பது எனக்குத் தெரியாது.

"அப்ப மருமவள நான் கூட்டிக்கினு போறது?"

"இங்கயே இருக்கட்டும்ங்க. நல்லாத்தான் பாத்துக்கறா."

"சரி, நீங்க கைய வெக்காம இருந்தா போதும்" என்று போனை வைத்துவிட்டார். மகள் என்னிடம் கோபித்துக்கொண்டாள். இல்லாத தப்பை ஏன் ஏற்றுக்கொண்டாய் என்று கேட்டாள்.

அந்தப் பெண் காட்டியபடி மகள் தினமும் குழந்தையை முன்கையில் போட்டு நடந்தாள். சில நாள் அடங்கியது, சில நாள் அடங்கவில்லை. நாலாவது மாதத்தில் அழுகை மெல்லக் குறைந்து நின்றது. மனைவி வேண்டுதல் என்றாள். சம்பந்தியம்மா தாம் கட்டிவிட்ட வசம்பு என்றார். எனக்கு எல்லாவற்றின்மேலும் சந்தேகம். டாக்டரம்மா சொன்ன கணக்குத்தான் பக்கத்தில் வந்தது.

காது குத்துக்கு மாப்பிள்ளை ஊருக்குப் போனோம். குழந்தை என் மடிக்கு வந்தது. இரண்டு பெண்கள் ஓடிவந்தார்கள். "குடுங்க தாத்தா, மறுபடியும் உரம் வுழுந்துடப் போவுது!" எல்லோரும் சிரித்தார்கள். என் மகளை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவள் மட்டும் சிரிக்காமல் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் வேண்டாம் என்று தலையசைத்து, குழந்தையின் தலைக்குக் கை கொடுத்து, அவர்களிடம் நீட்டினேன்.