ஜெபகுமாரின் ஐஸ் பெட்டி

ரோடு போட எடுத்த நிலத்துக்கு ஜெபகுமாருக்குப் பணம் வந்தபோது, மாடி கட்டுவான் என்றுதான் நகரியில் எங்கள் தெருவே நினைத்தது. அவன் பிணம் வைக்கிற ஐஸ் பெட்டி வாங்கி வந்தான். அவன் மனைவி ரூபா ஒரு வாரம் அவனோடு பேசவில்லை.

"வூட்டுக்குள்ள எவனாவது இத வாங்கி வைப்பானாடா?" என்று கேட்டேன். பக்கத்து வீட்டுக்காரன், கேட்க எனக்கு உரிமை உண்டு.

"துட்டு கர்த்தர் குடுத்தது. நான் வெறும் உக்கிராணக்காரன், பாத்துக்கிறவன். பெட்டி வாடகைக்கு வழியில்லாம, புள்ளைங்க வர்றதுக்குள்ள பொணத்த தூக்கினு போறாங்களே, பாக்க முடியலண்ணா."

சாதி, மதம் கேட்கமாட்டான். போன் வந்தால் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிட்டு வருவான். காசு வாங்கமாட்டான். ஊரார் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்று தாராளம் காட்டுகிறவர்கள் நிறைய உண்டு. சொந்த நெய்யை ஊற்றுகிறவன் என்று நான் பார்த்தது இவனைத்தான்.

போன வருடம் சித்திரை வெயிலில் ஒருநாள் காலை அவன் அம்மா பொன்னியம்மாள் இறந்துபோனாள். தங்கை சுமித்ரா குவைத்திலிருந்து வந்து சேர மறுநாள் ஆகும். பெட்டியோ முதல் நாளே நாகபூஷணம் வீட்டுக்குப் போயிருந்தது. அவர் தன் அப்பாவை அதில் வைத்து, பம்பாயிலிருந்து வரவேண்டிய மகனுக்காகக் காத்திருந்தார். வாடகைப் பெட்டிக்குப் புத்தூர் வரைக்கும் போன் போட்டோம். எதுவும் காலியாக இல்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. நாகபூஷணத்திடம் போய்ச் சொல்லிவிட்டேன். அவர் பதறிப்போனார். "ஐயோ, எங்க நைனாவ இப்பவே எடுத்துடறோம். நீங்க பெட்டிய எடுத்துனு போங்க."

அதற்குள் ஜெபகுமாரும் பின்னாலேயே வந்துவிட்டான். "பையன் வரட்டும். குடுத்தத நடுவுல கேக்கமாட்டேன்" என்றான்.

அன்று சாயங்காலமே பொன்னியம்மாளைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனோம்.

மறுநாள் சுமித்ரா வந்தபோது பெட்டி திரும்பி வந்து கூடத்தில் இருந்தது. "ஊருக்கெல்லாம் குடுக்கிற, நம்ம அம்மாவுக்கு இல்லியா? ஒரு தரம் மூஞ்சியப் பாத்திருப்பேனே!" என்று அதன்மேலேயே அடித்து அழுதாள். ஜெபகுமாரும் அழுதான். எனக்கும் அவன்மேல் கோபம்தான். இன்றைக்கும் அது முழுசாகப் போகவில்லை.

அவள் குவைத் திரும்புவதற்குள் ஒரு போன் வந்தது. ஜெபகுமார் குளித்துக்கொண்டிருந்தான், நான் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன், சுமித்ராதான் எடுத்தாள். கூலி வேலை செய்கிற குடும்பம், வீட்டில் அம்மா தவறிவிட்டாளாம். சுமித்ரா திரும்பிப் பெட்டியைப் பார்த்தாள்.

"வெளியூர்லருந்து யாராச்சும் வரணுமா?" என்று பிறகு கேட்டாள்.

மகள் பெங்களூரிலிருந்து வரவேண்டும் என்றார்கள்.

"அவசரப்பட வாணாம். அந்தப் பொண்ண நிதானமா வரச் சொல்லுங்க."

போனை வைத்தாள். அண்ணனைக்கூடக் கூப்பிடவில்லை. பெட்டியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணா, அந்தப் பக்கம் புடிங்க" என்றாள் என்னிடம்.